பம்ப் போகலை, காத்துதான்!

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற ஆசாமி. ஆனால் 2023 மே மாதம் என் வண்டியின் பவர் ஸ்டீயரிங் எனக்கு எடுத்த பாடத்தை எழுதி வைக்காவிட்டால் மனசு ஆறாது. லீவு விட்டால் பிள்ளை குட்டிகளோடு வண்டியிலேயே ஊருக்குக் கிளம்புகிற குடும்பங்கள் நம்மில் நிறைய. அவர்களுக்காவது பயன்படட்டும்.

சொல்ல வந்தது இதுதான். பவர் ஸ்டீயரிங் முனகினாலோ, கனத்தாலோ, வெட்டி வெட்டித் திரும்பினாலோ, பம்ப்பை மாற்றச் சம்மதிக்கும் முன் உள்ளே காற்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காற்றை எடுக்க ஒருவர் செலவழிக்கிற நேரத்துக்குக் கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். முதல் பாதியை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். இரண்டாவது பாதிக்காகத்தான் இந்தப் பதிவு.

கதைக்கு வருகிறேன்.

அப்பாவும் அம்மாவும் புனே வந்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்ககட் கோட்டைக்குக் கூட்டிப் போனேன். மேலே பிட்லா பாக்ரி, மண்சட்டித் தயிர் எல்லாம் ஆயிற்று. (அம்மாவின் தீர்ப்பு: "தயிரு நல்லாருக்கு. ரொட்டி நம்மூரு கம்பு ரொட்டிக்கு உறை போடக் காணாது.") இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை ஒடிக்கிறேன், பாதியில் கையோடு வர மறுக்கிறது. ஒரு நொடிதான். யாரோ எதிர்ப்பக்கம் பிடித்து இழுக்கிற மாதிரி கனத்து, அடுத்த நொடி பட்டென்று விட்டுவிட்டது. ஏழு சீட்டு டீசல் வண்டி, உள்ளே ஆறு பேர், இடது பக்கம் பள்ளம். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

கூடவே ஒரு சத்தம். மாடு முனகுகிற மாதிரி, ஒடிக்கும்போதெல்லாம். யோசித்துப் பார்த்தால் பத்து நாளாகவே அந்தச் சத்தம் இருந்திருக்கிறது. பாட்டுச் சத்தத்தில் கவனிக்கவில்லை.

முன்சீட்டில் இருந்த அப்பா காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார். "மோட்டாரு காத்து வாங்குனா இப்படித்தான்டா கத்தும்."

திண்டுக்கல் பக்கம் நாற்பது வருஷம் கிணற்று மோட்டாரோடு மல்லுக்கட்டியவர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்பா, இது கார்ப்பா." (சிரிக்காதீங்க.)

மறுநாள் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஏசி அறை, காபி மெஷின், கழுத்தில் அட்டை மாட்டிய பையன். ஆங்கிலத்தில் பேசலாம் என்பதுதான் அங்கே போனதற்கு முதல் காரணம். என் இந்தி ஆட்டோக்காரரிடம் வழி சொல்கிற அளவுக்கு, மராட்டி அதிலும் பாதி. ஒரு மணி நேரம் கழித்து வந்து சொன்னார்: பம்ப் போச்சு சார், ரேக்கும் சந்தேகம்தான், இரண்டையும் மாற்றிவிட்டால் நிம்மதி. எஸ்டிமேட் 41,000 ரூபாய். பார்ட்ஸ் வரப் பத்து நாள். எங்களுக்கு ஊருக்குக் கிளம்ப எட்டு நாள்தான் இருந்தது. புனேயிலிருந்து திண்டுக்கல் 1,200 கிலோமீட்டருக்கு மேல்.

பார்ட்ஸ் மட்டும் உடனே கிடைத்திருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன். அதுதான் உண்மை. கிடைக்காததால் தப்பித்தேன்.

உள்ளே என்ன நடக்கிறது?

முதலில் ஒரு விஷயம். இப்போது வருகிற கார்களில் பெரும்பாலானவற்றில் மின்சார ஸ்டீயரிங்தான். அதில் எண்ணெயே கிடையாது, காற்றும் பிடிக்காது. ஆனால் பழைய இன்னோவா, குவாலிஸ், பொலேரோ, பழைய ஸ்கார்ப்பியோ, சுமோ மாதிரி வண்டிகளில் எண்ணெய் பவர் ஸ்டீயரிங். நம் குடும்பங்கள் ஊருக்குப் போகிற வண்டிகளில் இவை இன்னும் ஏராளம். பானெட்டைத் திறந்தால் ஸ்டீயரிங் படம் போட்ட மூடியோடு ஒரு சின்ன ஆயில் டப்பா தெரிகிறதா? தெரிந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

எஞ்சின் பெல்ட் ஒரு சின்ன பம்ப்பைச் சுற்றுகிறது. அது டப்பாவிலிருந்து எண்ணெயை உறிஞ்சி, அழுத்தம் ஏற்றி, கெட்டியான ஹோஸ் வழியாக ஸ்டீயரிங் ரேக்குக்கு அனுப்புகிறது. ரேக்கில் ஒரு வால்வு. நாம் எந்தப் பக்கம் ஒடிக்கிறோமோ அதற்கு ஏற்றபடி எண்ணெயைத் திறந்துவிடும். எண்ணெய் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் சக்கரத்தைத் திருப்பும். வேலை முடிந்த எண்ணெய் இன்னொரு ஹோஸ் வழியாக டப்பாவுக்கே திரும்பிவிடும். ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய், சுற்றிச் சுற்றி வருகிறது. அவ்வளவுதான். விற்பனைக்கு வந்த கார்களில் இந்த ஏற்பாட்டை முதலில் கொடுத்தது அமெரிக்காவின் கிரைஸ்லர், 1951-ல். அடிப்படை இன்றைக்கும் மாறவில்லை.

கார் டயரில் நாம் அடிக்கிற காற்று 2 பார் சொச்சம். நின்ற இடத்தில் முழுக்க ஒடிக்கும்போது இந்த எண்ணெயின் அழுத்தம் பல வண்டிகளில் 70 பாரைத் தாண்டும். எண்ணெய் அந்த அழுத்தத்துக்கு அசையாது. சுருங்காத பொருள் என்பதால்தான் ஒரு முனையில் தள்ளினால் மறு முனையில் அப்படியே வேலை நடக்கிறது. காற்று அப்படியா? 70 மடங்கு அழுத்தினால் 70-ல் ஒரு பங்காகச் சுருங்கி உட்கார்ந்துகொள்ளும். பம்ப் கொடுக்கிற தள்ளல் சக்கரத்துக்குப் போகாமல் இந்தக் காற்றை அமுக்குவதிலேயே செலவாகும். அமுக்கி முடிகிற வரை ஸ்டீயரிங் கனக்கும். பிறகு பட்டென்று இலேசாகும். சிங்ககட் வளைவில் என் கையில் நடந்தது இதுதான்.

முனகலுக்கும் காரணம் காற்றுதான். எண்ணெயோடு குமிழிகள் பம்ப்புக்குள் போய், அழுத்தம் ஏறுகிற இடத்தில் நசுங்கி உடைகின்றன. ஒவ்வொன்றும் ஒரு சின்ன அடி. ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் மாடு முனகும்.

காற்று எப்படிப் போகிறது?

இங்கேதான் கிணற்று மோட்டார் வருகிறது. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. மேலே மோட்டார், கீழே கிணற்றுக்குள் உறிஞ்சு குழாய், அடியில் ஃபுட் வால்வு. குழாய் இணைப்பில் மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், மோட்டார் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. ஏன் என்றால் அந்தப் பக்கம் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. தண்ணீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அப்பா இணைப்புகளில் சாணியும் களிமண்ணும் அப்பி, மேலே புனல் வைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, குமிழி அடங்கும்வரை காத்திருந்து பிறகு சுவிட்சைப் போடுவார். சின்ன வயசில் எனக்கு அந்தக் காத்திருப்பு எரிச்சலாக இருக்கும்.

வண்டியிலும் அதே கதைதான். ஆயில் டப்பாவுக்கும் பம்ப்புக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் ஹோஸ் உறிஞ்சுகிற பக்கம். பத்துப் பன்னிரண்டு வருஷ எஞ்சின் சூட்டில் அந்த ரப்பர் இறுகி, கிளாம்ப் பிடி தளர்ந்தால் காற்று உள்ளே போகும். தரையில் ஒரு துளி எண்ணெய் சிந்தாமலும் இருக்கலாம். ஒழுகலைக் காணோமே, அப்படியென்றால் பம்ப்தான் போயிருக்கிறது என்று முடிவு கட்டுவது இதனால்தான். மற்ற வழிகளும் உண்டு. எண்ணெய் குறைந்து டப்பா மட்டம் இறங்கியிருக்கலாம். பம்ப்பின் ஆயில் சீல் தேய்ந்திருக்கலாம். ஹோஸையோ பம்ப்பையோ கழற்றி மாட்டியவர்கள் காற்றைச் சரியாக எடுக்காமல் அனுப்பியிருக்கலாம்.

காகா கடையில்

ஆபீஸ் நண்பர் ஒருவர், இவரும் புனேக்காரர், ஹடப்சர் பக்கம் ஒரு சந்தில் இருக்கிற சின்ன கடையைக் காட்டினார். அறுபது வயசிருக்கும் மெக்கானிக். எல்லாரும் அவரைக் காகா என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. எஸ்டிமேட் தாளை நீட்டினேன். வாங்கவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஆயில் டப்பா மூடியைத் திறந்தார்.

உள்ளே சிவப்பாக, கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய எண்ணெய், பால் கலந்த டீ மாதிரி நுரைத்துக் கிடந்தது. மட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு எஞ்சினை நிறுத்தச் சொன்னார். எண்ணெய் மட்டம் கோட்டைத் தாண்டி விரல் அகலத்துக்கு மேலே ஏறியது. ஓடும்போது நசுங்கிக் கிடந்த காற்று, அழுத்தம் போனதும் விரிந்து எண்ணெயை டப்பாவுக்குத் தள்ளுகிறது. எஞ்சின் ஓடும்போதும் நின்றபோதும் மட்டத்தில் அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது என்று அர்த்தம். காசு செலவில்லாத சோதனை. யார் வேண்டுமானாலும் வீட்டு வாசலில் செய்து பார்க்கலாம்.

"ஹவா பகட் லியா ஹை" என்றார் காகா. காத்துப் பிடிச்சிருக்கு. அப்பா சொன்ன அதே வார்த்தை, இந்தியில்.

டப்பாவிலிருந்து பம்ப்புக்குப் போகிற ஹோஸைக் கழற்றிக் கையில் கொடுத்தார். காய்ந்த முருங்கைக்காய் மாதிரி இருந்தது, வளைத்தால் வெடிப்பு தெரிகிறது. நானா பேட்டிலிருந்து ஆள் அனுப்பிப் புது ஹோஸ், இரண்டு கிளாம்ப் வரவழைத்தார். எண்ணெய்க்கு வண்டியின் கையேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்து, அதில் போட்டிருந்த ரகத்தையே வாங்கினார். கைக்குக் கிடைத்ததை ஊற்றக்கூடாதாம். முக்கியமாக பிரேக் ஆயில் தப்பித் தவறிக்கூடப் போகக்கூடாது, இந்த சீல்களின் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

பிறகுதான் உண்மையான வேலை. முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்தார். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் செய்யாதீர்கள். சக்கரம் தரையைத் தொடாமல் இருந்தால் திருப்ப அழுத்தம் குறைவாகப் போதும், எண்ணெய் கலங்காது. டப்பாவை நிரப்பி, மூடியைத் திறந்தே வைத்து, எஞ்சினைப் போடாமல் என்னை உள்ளே உட்காரச் சொன்னார். ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகத் திருப்ப வேண்டும். இருபது தடவை. அவர் டப்பா பக்கத்தில் நின்று, மட்டம் இறங்க இறங்க எண்ணெய் ஊற்றுவார். ஒரு தடவை டப்பா காலியானால் மறுபடி காற்று உள்ளே போய்விடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

நான் நாலு தடவை வேகமாகத் திருப்பினேன். சத்தம் போட்டார். "ஆராம் ஸே! லஸ்ஸி பனா ரஹே ஹோ க்யா?" லஸ்ஸியா கடைகிறாய் என்கிறார்!

வீட்டுக்கு வந்து யோசித்தபோது அந்த லஸ்ஸிக்குப் பின்னால் எவ்வளவு பெரிய விஷயம் இருக்கிறது என்று புரிந்தது. காலேஜில் படித்ததுதான். ஒரு திரவத்தில் சின்ன உருண்டை எவ்வளவு வேகத்தில் நகரும் என்று ஸ்டோக்ஸ் என்பவர் 1851-ல் கணக்குப் போட்டு வைத்தார். வேகம் உருண்டையின் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதாவது குமிழி பத்தில் ஒரு பங்கு சின்னதானால், மேலே மிதந்து வருகிற வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். வேகமாகத் திருப்பினால் பெரிய குமிழியெல்லாம் பொடிப் பொடியாகி எண்ணெயோடு கலந்துவிடும். அதன் பிறகு வெளியே வர மணிக்கணக்காகும். இந்த வேலையில் அவசரப்பட்டால் நேரம் கூடத்தான் செய்யும்.

இருபது தடவை முடிந்து, குமிழி வருவது நின்ற பிறகு எஞ்சினைப் போட்டோம். ஐடிலிங்கில் மறுபடி இந்தக் கோடி, அந்தக் கோடி. கடைசிவரை ஒடித்து அங்கேயே அழுத்திப் பிடிக்கக் கூடாது, இரண்டு மூன்று நொடிக்கு மேல் பிடித்தால் எண்ணெய் சூடேறும். கொஞ்சம் நுரை வந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு, "சாய் பியோ" என்று அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டார். நுரை தானாக அடங்கிற்று. மறுபடி ஒரு சுற்று. கடைசியில் எஞ்சினை நிறுத்தியபோது எண்ணெய் மட்டம் கோட்டை விட்டு அசையவே இல்லை. முனகலும் இல்லை.

(பெரிய வொர்க்‌ஷாப்களில் டப்பா வாயில் கை வேக்குவம் பம்ப்பை மாட்டிச் செய்கிற முறையும் உண்டு. வெளி அழுத்தத்தைக் குறைத்தால் சின்னக் குமிழி உப்பிப் பெரிதாகும், பெரிதானால் சீக்கிரம் மேலே வரும். அதே ஸ்டோக்ஸ் கணக்குதான்.)

மொத்தம் இரண்டு மணி நேரம்.

இப்போது என் அசிங்கம்

பில்: ஹோஸ், கிளாம்ப், எண்ணெய் எல்லாம் சேர்த்து 690 ரூபாய். கூலி 700.

நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? 41,000 மிச்சமான சந்தோஷத்தில் ஆயிரமாகக் கொடுத்திருப்பேன் என்றா? இல்லை. "ஒரு ஹோஸ் மாட்டினதுக்கு எழுநூறா காகா? ஸ்டீயரிங்கைத் திருப்பினது நான்தானே!" என்று பேரம் பேசினேன். 500 கொடுத்தேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.

வண்டியில் ஏறிய பிறகுதான் உறைத்தது. அந்த ஏசி அறை எஸ்டிமேட்டில் லேபர் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தது, 3,200 ரூபாய். அதை நான் வாய் திறந்து கேட்கவே இல்லை. பார்ட்ஸ் விலைக்குக் கீழே அச்சடித்து வந்ததால் அது எனக்கு நியாயமாகத் தெரிந்தது. கையில் ஒரு பொருளும் கொடுக்காமல், கண்ணும் காதும் பொறுமையும் மட்டும் கொடுத்த மனிதரிடம் 200 ரூபாய் குறைத்தேன். அதுவும் யார்? வாரா வாரம் டைம்ஷீட் நிரப்பி, கிளையண்டிடம் மணிக் கணக்கில் காசு வாங்குகிற கம்பெனியில் வேலை பார்க்கிற நான். "யோசிச்சதுக்கெல்லாம் காசா?" என்று எங்கள் கிளையண்ட் கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

என் கருத்து இதுதான். நல்ல பம்ப்பைக் கழற்றி எறிகிற வேலையை மெக்கானிக் மட்டும் ஆரம்பித்து வைக்கவில்லை. நாமும்தான். பொருளுக்கு எவ்வளவு கேட்டாலும் கொடுக்கிறோம், நேரத்துக்குக் கேட்டால் முகத்தைச் சுளிக்கிறோம். கடைக்காரர் என்ன செய்வார்? எதற்குக் காசு கிடைக்குமோ அதைச் செய்வார். காற்றெடுக்கிற வேலையில் விற்க ஒன்றுமே இல்லை. இரண்டு மணி நேரம் ஒரு இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு வண்டி நிற்கும். பம்ப்பை மாற்றினால் பில் பெரிதாகும், வாரண்டியும் கொடுக்கலாம், வாடிக்கையாளரும் புதுசு போட்டாச்சு என்று திருப்தியோடு போவார்.

சர்வீஸ் சென்டர் பையனை நான் திருடன் என்று சொல்லவில்லை. அவர் வண்டியைத் தொடவே இல்லை. தொட்டவர் உள்ளே எங்கேயோ இருக்கிறார், அவரிடம் பேச எனக்கு வழியும் இல்லை, மொழியும் இல்லை. நடுவில் ஒரு எஸ்டிமேட் தாள் மட்டும். வெளியூரில் இருக்கிற நமக்கு இது கூடுதல் கஷ்டம். ஊரில் என்றால் மெக்கானிக் பக்கத்திலேயே குத்த வைத்து உட்கார்ந்து "அண்ணே, என்னண்ணே சத்தம்?" என்று கேட்போம். இங்கே ஆங்கிலம் பேசுகிற மேஜையைத் தேடிப் போகிறோம். அந்த வசதிக்கும் சேர்த்துத்தான் பில்.

இன்னொன்றையும் யோசியுங்கள். நான் அந்த 41,000 கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? புது பம்ப், புது ரேக் மாட்டியிருப்பார்கள். வெடித்த ஹோஸை மாற்றாமல் விட்டிருந்தால் ஒரு வாரத்தில் மறுபடி முனகல். புது பம்ப்பை மாட்டினாலும் காற்றை எடுத்தே ஆகவேண்டும். அந்தப் பொறுமையிலிருந்து தப்பிக்க வழியே இல்லை.

மறுபக்கமும் உண்டு. காற்றுதானே என்று ஓட்டிக்கொண்டே இருந்தால், குமிழிகள் அடித்து அடித்து பம்ப்பின் உள்பாகங்கள் தேய்ந்து, பம்ப் நிஜமாகவே போய்விடும். "பம்ப் போச்சு" என்றவரின் வார்த்தை ஆறு மாசம் கழித்துப் பலித்துவிடும். அதனால் சத்தம் வந்த அன்றைக்கே பாருங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. மாதம் ஒரு முறை ஆயில் டப்பாவைப் பாருங்கள். நுரை, பால் நிறம், மட்டம் குறைவு இருந்தால் உஷார். அடிக்கடி நிரப்ப வேண்டி வந்தால் எங்கேயோ ஒழுகுகிறது, நிரப்பிக்கொண்டே போவது வைத்தியம் ஆகாது.

2. எஞ்சின் ஓடும்போது ஒரு கோடு, நிறுத்திய பிறகு ஒரு கோடு. பெல்ட், ஃபேன் பக்கம் கையோ துப்பட்டாவோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே. "ஹவா நிகாலா க்யா?" (காற்றை எடுத்துப் பார்த்தீர்களா?) "ஹவா கஹா(ன்) ஸே ஆ ரஹா ஹை?" (எங்கிருந்து வருகிறது?) இலக்கணம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, விஷயம் தெரிந்தவர் என்று புரிந்துகொள்வார்கள். இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஓட்டையை அடைக்காமல் காற்றை எடுத்தால் ஒரு வாரம்தான் தாங்கும்.

4. "இரண்டு மணி நேரம் ஆகட்டும், அதற்குக் கூலி தருகிறேன், முதலில் சோதித்துச் சொல்லுங்கள்" என்று நீங்களே ஆரம்பியுங்கள். நிறையப் பேரின் முகமே மாறுவதைப் பார்ப்பீர்கள்.

5. பம்ப் நிஜமாகவே போவதும் உண்டு. எண்ணெய் தெளிவாக இருக்கிறது, மட்டம் அசையவில்லை, ஆனாலும் முனகுகிறது என்றாலோ, எண்ணெயில் உலோகத் துகள் மினுங்கினாலோ, பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்து அழுத்தம் ஏறவில்லை என்றாலோ, மறுபேச்சில்லாமல் மாற்றுங்கள். பெல்ட் தளர்ந்து கிறீச்சிடுவது வேறு. கடைசிவரை ஒடிக்கும்போது மட்டும் 'ஸ்ஸ்' என்று வருகிற சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம், அதிக அழுத்தத்தை வால்வு வெளியேற்றுகிற சத்தம் அது.

6. வளைவில் கனத்துப் போகிற ஸ்டீயரிங்கோடு மலைப்பாதையில் மட்டும் போகாதீர்கள். உதவி நின்றுபோனாலும் சக்கரம் திரும்பும், ஆனால் பலம் பல மடங்கு வேண்டும். திடீரென்று கனத்து திடீரென்று விடுவது அதைவிட ஆபத்து.

குறித்த நாளில் ஊருக்குக் கிளம்பினோம். விடிகாலை கம்பாட்கி மலை ஏறும்போது பாட்டை அணைத்துவிட்டு ஒவ்வொரு வளைவிலும் காதைக் கொடுத்துக் கேட்டேன். எஞ்சின் சத்தம் மட்டும்தான். பக்கத்தில் அப்பாவும் கேட்டுக்கொண்டு வந்தார். சதாரா தாண்டியதும் தூங்கிவிட்டார். அவரிடம் "நீங்க சொன்னது சரிதான்ப்பா" என்று நான் சொல்லவே இல்லை. காகா கடையில் நடந்ததை மட்டும் ஒசூரில் காபி குடிக்கும்போது சொன்னேன். "ஓசு மாத்துனாரா, காத்தை மட்டும் எடுத்தாரா?" என்று கேட்டார். மாத்தினார் என்றேன். "அப்பன்னா வேலைக்காரன்தான்" என்றார்.

ஊரிலிருந்து திரும்பி, எஞ்சின் ஆயில் மாற்றக் காகா கடைக்குப் போனபோது பில்லோடு 200 ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார். ஸ்டீயரிங் கணக்கு என்றேன். அவருக்கு நினைவே இல்லை. நோட்டை எண்ணிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த வண்டியின் அடியில் நுழைந்துவிட்டார்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு காகா இருந்தால் பேரம் பேசாதீங்க மக்களே. அவர் கடையை மூடிவிட்டால் நமக்கு எஸ்டிமேட் தாள்தான் மிச்சம்.